அவரைப் பற்றிய இருபது கேள்விகள்

“வீட்டுக்காரரு வேலைக்குப் போயிருக்காருங்க. நான் அம்மாவைப் பாத்துக்குற ஆளு.”

அறுபது வயதிருக்கும் அந்த மனிதருக்கு. மூட்டை தூக்கிக் காய்த்த தோள். அவருக்குப் பின்னால், நாற்காலியில் உட்கார்ந்து ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள் அந்தம்மா.

கணக்கெடுக்க வந்தவளுக்கு எரிச்சல். காலையிலிருந்து காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு அலைகிறாள்.

மறதி நோய் வந்தவர்களை வைத்துப் பார்க்கும் சொந்தக்காரர்களின் மனச்சோர்வை அளக்க வேண்டும். ஆய்வு நடக்கும் ஒன்பது நாட்டுக்கும் அதே இருபது கேள்விகள். மொத்த மதிப்பெண் பதினாறைத் தாண்டினால், வாரம் இரண்டு நாள் ஒத்தாசைக்கு ஆள் அனுப்புவார்கள்.

பதினோரு வீடு ஏறி இறங்கியாயிற்று. கழுத்து பிடிக்குது, வயிறு எரியுது, தலை கொதிக்குது என்று வண்டி வண்டியாகச் சொன்னார்கள். அதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை. மனசுக்கு என்ன என்று கேட்டால் மட்டும், “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

ஒருவரும் ஐந்தைத் தாண்டவில்லை.

“உங்க பக்கத்துல யாருக்குமே கவலை கிடையாதா?” என்று நேற்று போனில் கேட்டார் மேலதிகாரி.

“சொந்தக்காரங்க பதில்தாங்க வேணும், அதை வெச்சுத்தான் ஒத்தாசைக்கு ஆள் அனுப்புவாங்க” என்று மனிதரிடம் சொல்லிவிட்டு அவள் கோப்பை மூடினாள்.

“அவரு மனசுல இருக்குறது எனக்குத் தெரியும். கேளுங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரே வீட்டுல கிடக்குறோம்ல.”

சரி, கேட்டுத்தான் வைப்போமே என்று நின்றபடியே ஆரம்பித்தாள்.

பசி?

“தட்டுல கையை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பாரு.”

சொல்லிக்கொண்டே அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல் கொக்கியைப் போட்டார். அந்தம்மா எழுந்து வாசலுக்கு நடந்தாள்; போய்த் தோளைத் தொட்டுத் திருப்பி உட்கார வைத்தார். மறுபடி அடுப்பைத் தொட்டார்.

தூக்கம்?

“தாழ்ப்பாள் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டே படுத்திருப்பாரு.”

அழுகை?

“குளிக்கும்போது. குழாயைத் திறந்து விட்டுட்டு.”

அவள் உட்கார்ந்தாள். பேனா இப்போதுதான் ஒழுங்காக ஓடியது.

தன்மீதே வெறுப்பு?

மனிதர் குரலைத் தாழ்த்தினார். “போன செவ்வாய்க்கிழமை இந்தம்மாவை பஸ் ஸ்டாப்புல உக்கார வெச்சுட்டு, அவரு மட்டும் பஸ்ஸுல ஏறிட்டாரு. அடுத்த ஸ்டாப்புல குதிச்சு ஓடியாந்தாரு. இந்தம்மா அதே இடத்துல சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.”

இருபதும் முடிந்தது. கூட்டினால் முப்பத்தொன்று.

“பேசுனது போதும்ப்பா” என்றாள் அந்தம்மா. “எங்க வீட்டுக்காரரு கோபக்காரரு. வந்தாருன்னா உன்னைத்தான் திட்டுவாரு.”

“இதோ அனுப்பிடுறேன்மா.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் கேட்டாள். “அவர் எப்ப வருவார்? கையெழுத்து வேணும்.”

மனிதர் கதவை ஒருக்களித்துவிட்டுத் தெருவுக்கு இறங்கினார்.

“நான்தாம்மா அவரு.”

அவள் விழித்தாள்.

“புருஷன்னு சொன்னா, ‘எவன்டா நீ’ன்னு கத்தித் தெருவையே கூட்டிடுறா. வேலைக்காரன்னா என் கையால சோறு வாங்கிக்கிறா. நாலு மாசமா இதான் பொழைப்பு.”

எழுதி வைத்த முப்பத்தொன்றை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் விதி விதிதான்: சம்பந்தப்பட்டவரிடம் நேராகக் கேட்க வேண்டும், அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். நல்லதாய்ப் போயிற்று, ஆள் எதிரிலேயே நிற்கிறார். புதுப் படிவத்தை எடுத்தாள்.

“போன வாரம் உங்களுக்கு அழுகை வந்ததா?”

மனிதர் முதுகை நிமிர்த்தினார். “எனக்கா? நான் ஏம்மா அழப்போறேன்? நாப்பது வருஷம் மூட்டை தூக்குன ஒடம்பு இது.”

“தூக்கம்?”

“படுத்தா பொணம்.”

“ஐயா, இப்பதானே உள்ள...”

“அது அவரு” என்று சொல்லிச் சிரித்தார். “எனக்கு ஒண்ணும் கிடையாது. எழுதிக்குங்க.”

இருபதுக்கும் அதே பதில். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். பூஜ்யம்.

பேனாவை வாங்கி, பூஜ்யம் போட்ட அந்தப் படிவத்தைச் சுவரில் வைத்து, உறவு என்ற கட்டத்தில் ‘கணவர்’ என்று எழுதினார். கீழே பெயரை எழுத்து எழுத்தாகப் போட்டார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவசரமாகப் படிவத்தை அவள் கையில் திணித்தார்.

“அப்போ, ஆளு எந்தக் கிழமையிலேருந்து வருவாங்க?”