பிரிக்காத பொட்டலம்

"இன்னொரு உலகத்துல நீ இந்நேரம் மோட்டாருல போயிட்டு இருப்பே, சௌந்திரம்," என்றான் செங்கோடன்.

சங்ககிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி மாடுகளுக்கு வழி தெரியும். அவன் கயிற்றைச் சும்மா பிடித்திருந்தான். பங்காளி வெள்ளியங்கிரி கட்டிய மச்சுவீட்டின் கிரகப்பிரவேசம் முடிந்து, கணவனும் மனைவியும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளியங்கிரிக்கு இப்போது சொந்தமாக இரண்டு பஸ் ஓடுகின்றன.

விருந்துக்கு வந்த வாத்தியார் ஒருவர் பத்திரிகை படித்துக் காட்டினார். நம் அண்டத்துக்கு அப்பாலும் அண்டங்கள் இருக்கலாமாம். அப்படியானால் அங்கெல்லாம் நாமும் வேறு மாதிரி இருப்போம் என்று யாரோ சொல்ல, பந்தியே சிரித்தது. செங்கோடன் மட்டும் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டான். போதாக்குறைக்கு, மாடியில் காற்று நன்றாக வருகிறது என்று சௌந்திரம் வேறு சொல்லி வைத்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவளைப் பெண் கேட்டவர்கள் செங்கோடனும் வெள்ளியங்கிரியும்தான். இருவருமே முறை மாப்பிள்ளைகள். ஒருவனை வேண்டாமென்றால் காலத்துக்கும் பகை. அதனால் மாரியம்மனிடம் பூக் கேட்டார்கள். செங்கோடனுக்கு வெள்ளை அரளி, வெள்ளியங்கிரிக்குச் சிவப்பு. இலையில் மடித்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை ஒரு சின்னக் குழந்தை எடுத்தது. வெள்ளை வந்தது. எடுக்காததைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போடுவது அந்த ஊர் வழக்கம். போட்டுவிட்டார்கள்.

அன்று முதல் அந்தப் பொட்டலம் செங்கோடனின் கனவில் வரும். தண்ணீருக்கடியில் மெல்லப் பிரியும். உள்ளே ஒரு வானம், அதன் கீழே ஒரு மச்சுவீடு, மாடியில் தலை உலர்த்திக்கொண்டு நிற்கும் சௌந்திரம். அவனைப் பார்த்ததும் யாரோ வழிப்போக்கன் என்று திரும்பிக்கொள்வாள். விழித்ததும் பக்கத்தில் அவள் படுத்திருக்கிறாளா என்று பார்ப்பான்.

இன்றுதான் அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னான்.

"கொழந்தை கை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா நீ அங்கதான் இருப்பே. நீயா ஆசைப்பட்டு என்னைக் கட்டலியே. பூத்தானே கட்டி வெச்சுது?"

கரும்புக் காட்டுக்கு மேலே ஒவ்வொன்றாக நட்சத்திரம் வந்தது. சௌந்திரம் நகர்ந்து அவன் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எத்தனை அண்டம் வேணா இருந்துட்டுப் போகட்டுமுங்க. அத்தனையிலயும் நான் இதே கட்டை வண்டியிலதான் உங்ககூட வாரேன்."

"அதெப்படிப் புள்ள அவ்வளவு உறுதியாச் சொல்றே?"

"அன்னிக்குப் பூப் பறிச்சு மடிச்சுக் குடுத்தது ஆருன்னு கேட்டீங்களா? நாந்தானுங்க," என்றாள் சௌந்திரம். "ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சேன்."