திருத்திய கோடு

காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஒரே ஒரு கோடு. ஏறிக்கொண்டே போகும் கோடு.

இருசப்பன் அதைத் தொடவில்லை. காயம் ஆறாத கையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தார்.

அன்றைக்கு ரசாயன ஆலையில் ரியாக்டர் கொதித்து வெடித்தபோது, பக்கத்தில் நின்ற மாசிலாமணி போய்விட்டான். இவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே தெரு. அவன் வீட்டு வாசலை இவர் இன்னும் மிதிக்கவில்லை.

கோடு, விபத்தை ஆராய வந்த பொறியாளரான அவள் போட்டதுதான். ரியாக்டருக்குள் வெப்பமானி ஒரு தடித்த இரும்பு உறைக்குள் உட்கார்ந்திருக்கும். சூடு ஏறினால் அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். அந்தத் தாமதத்தைக் கழித்தால்தான், உள்ளே வேதிவினை ஓடிய வேகம் பிடிபடும்.

கழித்தாள். வெப்பமானி காட்டிய பழைய கோட்டை அழித்தாள். அவளைக் குறை சொல்ல ஏதுமில்லை. கணக்கில் பிசகே கிடையாது.

தொண்ணூறு டிகிரி வந்ததும் குளிர்நீரைத் திறக்க வேண்டும் என்பது விதி. திருத்திய கோடு தொண்ணூறைத் தாண்டி வெகுநேரம் கழித்துத்தான் இருசப்பன் திறந்திருக்கிறார்.

அந்த இடைவெளிக்குள் நிர்வாகம் ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டது.

கவனக்குறைவு.

"தொண்ணூறு காட்டுனதுமே தொறந்துட்டேன்னுதான் நெனச்சிருந்தேன் மேடம்," என்றார். "கண்ணு அசந்துட்டேன் போல. கையெழுத்து எங்க போடணும்?"

நீட்டிய பேனா அவள் கையிலேயே நின்றது.

எழுந்தாள். வெடித்த ரியாக்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த வெப்பமானியை உறையோடு எடுத்துக்கொண்டாள். அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போனாள்.

அடுப்பில் பால். அதற்குள் உறையை இறக்கினாள்.

அடுப்புக்கு முதுகு காட்டி, கேஸ் சிலிண்டர் பக்கம் அவரை நிற்கச் சொன்னாள். வெப்பமானியின் எண் ஓடும் பெட்டி அவர் முகத்துக்கு நேரே. நல்ல கை வால்வின் மேல்.

தொண்ணூறு காட்டியதும் மூட வேண்டும். வேறொன்றும் இல்லை.

அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஐம்பது. அறுபது.

அவர் இமைக்கவில்லை.

எழுபது.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பில் விழுந்து சீறியது. தீய்ந்த வாடை கேன்டீன் முழுக்கப் பரவியது.

அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கண் எண்ணை விட்டு நகரவில்லை. கையும் அசையவில்லை.

எழுபத்தெட்டு.

எண்பத்தைந்து.

தொண்ணூறு.

கை திரும்பியது. அந்தக் கணமே.

பிறகுதான் அவரும் திரும்பினார்.

பாத்திரத்தில் பாதிப் பால்கூட இல்லை. தீ அணைந்திருந்தது. பெட்டியில் எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.



அவர் ஒரு துணியை நனைத்து வந்து அடுப்பைத் துடைத்தார். ஒற்றைக் கையால், மெதுவாக, கருகிய இடமெல்லாம்.

அவள் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தாள். புதிய கோட்டுக்குப் பக்கத்திலேயே, அழித்த கோட்டை மறுபடி வரைந்தாள். அதன் கீழே எழுதினாள்: அவர் பார்த்தது இது.

அவர் துணியைப் பிழிந்து காயப்போட்டார். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

வாசலில் நின்று, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"மாசிலாமணியோட அம்மா இந்நேரம் வீட்ல இருப்பாங்களா மேடம்?"