தாஷ்கண்டில் காலைச் செய்தி

1966, ஏப்ரல் இருபத்தாறு. தாஷ்கண்டில் நிலம் குலுங்கி அடங்கியிருக்கிறது. மண்சுவர்கள் சரிந்த தெருவில் புழுதி மட்டும் இன்னும் அடங்கவில்லை; அதற்குள் இறங்கும் இளவெயில் மஞ்சள் திரையாய்த் தொங்குகிறது. தூங்கி எழுந்த உடையோடு, ஒற்றைச் செருப்போடு, இடிந்த தன் வீட்டின்மேல் மண்டியிட்டு வெறுங்கையால் செங்கல்லைப் பெயர்க்கிறாள் ஹுர்மத். உள்ளே அவள் கணவன் துர்தி இருக்கிறான். பிள்ளைகள் இருவரையும் முற்றத்துக்குத் தள்ளிவிட்டவன், தான் வெளியே வரவில்லை. தெருமுனைக் கம்பத்து ஒலிபெருக்கியோ எதுவுமே நடக்காததுபோல உலகச் செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறது. வியட்நாமில் குண்டு விழுகிறது. எங்கோ ஒரு துறைமுகத்தில் வேலைநிறுத்தம். மே தின ஊர்வலத்துக்கு மாஸ்கோ தயாராகிறது. இந்தத் தெருவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“அந்தச் சனியன் வாயை யாராச்சும் அடைங்களேன்! உள்ளேருந்து அவர் கூப்பிட்டாக்கூடக் காதுல விழாது!” என்று கத்துகிறாள். பக்கத்து வீட்டுச் சத்தார் விறுவிறுவென்று கம்பத்தில் ஏறுகிறான்.

“அண்ணே, அரசாங்கச் சொத்து. கேஸாயிடும்,” என்கிறான் கீழே நிற்பவன்.

“ஆவட்டும் போடா!” சத்தார் ஒயரைப் பிடுங்கி எறிகிறான்.

செய்தி பாதியில் அறுந்துபோகிறது. சுற்றிலும் இடிபாட்டைத் தோண்டிக்கொண்டிருந்தவர்களின் கடப்பாரைகளும் நிற்கின்றன. ஹுர்மத் இடிபாட்டில் காதை வைத்துப் படுக்கிறாள். உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்கிறது. பிறகு, அடியிலிருந்து ஓர் இருமல்.

“யாரு நெஞ்சு மேல நிக்கிறது? கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா.”

இதுவரை அழாத ஹுர்மத், படுத்த இடத்திலேயே, ஊரே பார்க்க வாய்விட்டு அழுகிறாள்.