ஆறு மணிக்கு மேல்

மாலை 6.25. அந்த மாதத்தில் ஒன்பதாவது தடவை. குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தாள் ஆயா. பெற்றோர் அவளுக்கு வைத்திருந்த பெயர் கறாரக்கா.

"வாங்க மகாராணி! ஆறு மணிக்குப் பூட்டணும்னு கதவுல கொட்டை எழுத்துல போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து மகளை அழைத்துப்போக ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"சாரிக்கா. லேப்ல ஒரு கிளாஸ் வெச்சாங்க. இழுத்துட்டாங்க."

"என்ன கிளாஸ்?"

தயங்கினாள். "வேலைக்குப் போற அப்பா அம்மா... நேரத்தை எப்படிச் சமாளிக்கிறதுன்னு."

கேட் அருகே இருந்த வாட்ச்மேன் வாய்விட்டுச் சிரித்தான். ஆயா விடவில்லை.

"நல்லாப் படிச்சீங்க, போங்க! மாசத்துல மூணு நாள் லேட்டானா பேரை எடுத்துருவாங்க, தெரியுமில்ல? பெத்துப் போட்டா மட்டும் போதுமா?"

தெருவில் இறங்கியதும் மகள் கேட்டாள். "அம்மா, பெத்துப் போட்டான்னா என்னம்மா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

காலை நாலரைக்கு எழுந்தால் உட்கார நேரமில்லாத பிழைப்பு. கணவனுக்கு மாலை ஷிப்ட். இந்தக் காப்பகம் போனால் அவள் வேலையும் போகும். அதற்காக யாரிடம் வேண்டுமானாலும் திட்டு வாங்கலாமா?

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கணவனுக்கு போன் போட்டாள்.

"மேடம்கிட்ட புகார் கொடுக்கப் போறேன்."

"விடும்மா. திட்டினா திட்டிட்டுப் போறாங்க."

"ஒன்பது தடவை லேட்டு. மேடம் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவங்களுக்கு இருக்கிற மனசு இந்த ஆயாவுக்கு இல்லையே!"

காப்பகத்தை நடத்தும் மேடம் தினமும் ஐந்து மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுபவர். அவருடைய எண்ணுக்கு அவள் எழுதினாள்: 'ஆறு மணிக்கு மேல் வரும்போதெல்லாம் ஆயா என்னை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துகிறார். சந்தேகமிருந்தால் கேமராவைப் பாருங்கள்.'

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. 'உடனே பார்க்கிறேன்.'

"பாத்தியா, எவ்வளவு தன்மையா பதில் போட்டிருக்காங்க!" என்று மறுபடி கணவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

மார்ச் 31-ஆம் தேதி காப்பகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஒன்பது நாளும் '5.55-க்குத் தாய் வந்து அழைத்துச் சென்றார்' என்று பதிவேட்டில் பொய் எழுதியதற்காக ஆயா வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். அடுத்த வரியில் குழந்தையின் பெயரும் நீக்கப்பட்டிருந்தது.