வெயில் படுவதற்குள்

வெயில் மலை விளிம்பைத் தாண்டுவதற்குள் முழுத் தோட்டத்தையும் நனைத்துவிட வேண்டும். ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு நிரை நிரையாக ஓடிக்கொண்டிருந்தேன்.

தேயிலைமேல் கல்லுப்பைக் கொட்டியதுபோல உறைபனி. பனி விழுந்ததால் மட்டும் செடி கெட்டுவிடாது. அந்தப் பனிமேல் வெயில் பட்டால்தான் கேடு. அடுப்பில் காட்டியதுபோலக் கருகிவிடும். அதற்குள் தண்ணீர் அடித்துக் கரைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். எங்கள் அரவேணு ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

மேலே நான். கீழே ஓடையோரம், மோட்டார் ரூமில் என் மகன் டெனின்.

இது என்ன பனிக்காலமா, சொல்லுங்கள்? மார்கழியில் விழ வேண்டிய பனி. மார்கழியில் மழை பெய்தது. தையில் வெயில் மண்டையைப் பிளந்தது. கோடை வந்துவிட்டது என்று நம்பிச் செடியெல்லாம் தளதளவென்று கொழுந்து விட்டது. நானும் நம்பி, பனிக்கு மூடுவதற்காக வெட்டி வைத்திருந்த தாகைத் தழையை மாட்டுக்குக் கீழே விரித்துவிட்டேன்.

மாசி பாதியில் வந்து இறங்குகிறது, பாவி. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

போன மாதம் கிராம சபைக் கூட்டத்துக்கு ஒரு ஆபீசரம்மா வந்தார். கரியும் டீசலும் எரித்து எரித்து உலகமே சூடாகிறது என்றார். சூடானால் இங்கே எதுக்குங்க உறையுது என்று நான் எழுந்து கேட்டேன். காற்றும் மேகமும் பழைய தடத்தில் போவதில்லை, இனிமேல் மழையையும் பனியையும் மாதம் பார்த்து நம்ப முடியாது என்றார்.

எங்கேயோ எவனோ விட்ட புகைக்கு என் தோட்டம்தானா கிடைத்தது? எனக்கு வயிறு எரிந்தது.

ஏற்கெனவே விலை செத்துக் கிடக்கிறது. ஒரு கிலோ பச்சை இலை விற்ற காசில் கடையில் ஒரு டீ குடிக்க முடியவில்லை. ஃபேக்டரிக்காரன் போன வாரம் பாதி மூட்டையைத் திருப்பியே அனுப்பிவிட்டான்.

வீட்டில் தினமும் சண்டை இதனால்தான். கோயம்புத்தூர்ப் பார்ட்டி ஒருவர் காட்டேஜ் கட்ட இடம் கேட்கிறார், தள்ளிவிடலாம் என்பான் டெனின். எஸ்டேட்டில் முதுகு ஒடியக் கொழுந்து பறித்து, அந்தப் பி.எஃப். பணத்தில் நான் வாங்கிய ஒரு ஏக்கர் இது. செடியில் பச்சை இருக்கிறவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்காதே என்று சொல்லியிருந்தேன்.

அத்தனை சண்டை போட்டவன், இன்றைக்கு நான் உலுக்கி எழுப்பியதும் ஒரு வார்த்தை முனகவில்லை. பனியனோடு மோட்டார் ரூமுக்கு ஓடினான். என்ன இருந்தாலும் பெற்ற பிள்ளை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேல் நாலு நிரை முடித்திருப்பேன். பைப் இரண்டு தரம் இருமியது. தண்ணீர் நின்றுவிட்டது.

என்னடா ஆச்சு என்று கத்தினேன்.

"கரண்டு போயிருச்சும்மா!"

கரண்டுக்காரனையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, வீட்டுத் தொட்டியில் குடத்தை முக்கி முக்கி எடுத்து ஊற்றினேன். குடத்துத் தண்ணீர் எத்தனை செடிக்குக் காணும்? விரல் இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியவில்லை. கர்த்தாவே, இந்த ஒரு நாள் அந்த வெயிலைக் கொஞ்சம் பிடித்து வையும் என்று வாய்விட்டுக் கேட்டேன்.

அவர் பிடித்து வைக்கவில்லை.

வெயில் நிரை நிரையாகக் கீழே இறங்கியது. பனி பளபளவென்று மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது, மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் வீரையா அண்ணன் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கடைசி நிரைவரை தண்ணீர் அடித்து முடியும் நேரம். எங்களுக்கும் அவருக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் கரண்ட்.

இறங்கிப் போனேன். மோட்டார் ரூம் வாசலில் டெனின் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன்.

முதல் தட்டிலேயே மோட்டார் கிளம்பியது. மேலே நான் போட்டுவிட்டு வந்த பைப் துள்ளி எழுந்து, வெயில் தின்ற செடிகள்மேல் தண்ணீரை அடித்தது.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதுவரை பனியையும் கரண்டையும் திட்டிய வாய்க்கு, பெற்ற பிள்ளையைத் திட்ட ஒரு வார்த்தை வரவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். நிஜமாகவே அழுதான்.

அவன் கையிலிருந்த போன் அடித்தது. எடுத்து, உம் உம் என்று கேட்டுவிட்டு வைத்தான். தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அந்தப் பார்ட்டி இடம் பாக்க வர்றாரும்மா. குஞ்சப்பனை தாண்டிட்டாராம்."

குஞ்சப்பனை இங்கே பக்கம்தான். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து குஞ்சப்பனை பக்கம் இல்லை. இந்நேரத்துக்கு அங்கே வர வேண்டுமென்றால் நல்ல இருட்டிலேயே போன் வந்து மனுஷன் கிளம்பியிருக்க வேண்டும்.

நான் டெனினை உலுக்கி எழுப்பியபோது கிழக்கு வெளுத்திருந்தது. போர்வையைத் தலைவரை இழுத்து மூடி, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.