சூடேறாத போன்

“ரெண்டு போன்லயும் பிராசஸர் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க சார். இதுல வேகம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்” என்றாள் சுவாதி. பெரம்பலூர் செல்போன் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமாகிறது.

“வேகத்த விடும்மா. எது சூடாகாது?” என்றார் குன்னத்திலிருந்து வந்தவர். மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாம்.

“அப்ப இந்த இன்னொண்ணு எடுத்துக்குங்க. நாள் முழுக்க உள்ள ஆப் ஓடினாலும் சுடாது, சார்ஜும் இறங்காது.”

“அதான் வேணும். கையில எடுத்தா அவளுக்குச் சுடவே கூடாது.”

மனைவிக்காக அரைமணி நேரம் இப்படி மெனக்கெடும் ஆளைச் சுவாதி பார்த்ததில்லை. அவள் கணவன் பிரேம்குமாரும் போன மாதம் அவளுக்குப் போன் வாங்கித் தந்தான்தான். என்ன பிராசஸரோ, சும்மா வைத்திருந்தாலே சுடுகிறது. எதைத்தான் அவன் பார்த்து வாங்கியிருக்கிறான்!

“அக்கா குடுத்து வச்சவங்க சார்” என்றபடி பில் போட்டாள். “ஆப் எதுனா ஏத்தித் தரணுமா?”

“வேணாம்மா, நானே ஏத்திக்குவேன். அவ எங்க போறா, யார்கிட்ட பேசுறான்னு எல்லாம் என் போன்லயே தெரிஞ்சிடும். பழைய போனு சும்மா கெடக்கும்போதே சுடுதேன்னு அவ கடையில காட்டப் போயி, நான் மாட்டிக்கிட்டேன்.”

சிரித்துக்கொண்டே போனார்.

சுவாதி மேசை டிராயரைத் திறந்தாள். காலையில் வைத்த போனை அவள் அதன்பிறகு தொடவே இல்லை.

கையில் எடுத்தாள். சுட்டது.