குஞ்சுள்ள வீட்டு விலாசம்

மழைவெள்ளத்தில் குஞ்சுகள் எல்லாவற்றையும் பறிகொடுத்த காடைக்கு, குஞ்சுத் தீனி விற்கிறவர்களின் விளம்பரக் கடிதங்கள் தினமும் வந்துகொண்டே இருந்தன. பொறுக்க முடியாமல் அது, வியாபாரிகளுக்கு விலாசம் விற்கும் காக்கையிடம் போனது.

“அண்ணே, குஞ்சுள்ள வீடுகள் பட்டியல்லேர்ந்து என் விலாசத்தை எடுத்துடுங்க. எல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு.”

“அடடா!” என்று உச்சுக்கொட்டிய காக்கை, ஆவலோடு பக்கத்தில் நகர்ந்து வந்தது. “எத்தனை போச்சு? என்னைக்கு? துக்க வீட்டு விலாசத்துக்கு இப்போ நல்ல கிராக்கிம்மா.”

காடை சட்டென்று பின்னால் நகர்ந்தது. “வேண்டாம் அண்ணே, பழையபடியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பியது.

மறுநாள் கடிதம் கொண்டுவந்த புறா, “பிள்ளைங்க சௌக்கியமா?” என்று விசாரித்தது.

“தூங்குறாங்க” என்றது காடை. “சத்தம் போடாம வெச்சுட்டுப் போங்க.”